ஊஃபருக்குப் பின்னால் போன கிணறு

இதை எனக்கு முதலில் சொன்னது ரூத்பாய். என் மூத்த மருமகளுக்குச் சித்தி முறை. இந்தச் சித்திரையில் எங்கள் சபை அசனத்துக்கு, அதாவது ஊருக்கெல்லாம் சோறு போடும் கோவில் விருந்துக்கு, நாங்கள் பதினாறு பெண்கள் பந்தலில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த காலை நேரத்தில் சொன்னாள். ரூத்பாய் ஜெபக்கூட்டத்தில் பொய் சொல்லமாட்டாள். கத்தரிக்காய் நறுக்கும்போது எப்படியோ எனக்குத் தெரியாது. ஆனால் அவள் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் விரலை வெட்டிக்கொண்டோம், அதில் ஒரு விரல் என்னுடையது.

அவள் ஊர் ஈச்சன்விளை, செம்மணல் தேரியின் ஓரம். முருங்கை காய்க்கும், பனை நிற்கும், எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர் வரும். குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வந்து இரண்டு தரம் இருமிவிட்டுப் போய்விடும். ஊருக்கே நல்ல தண்ணீர் ஒரே ஒரு கிணற்றில்தான், அந்தக் கிணறு ஞானப்பூவின் முற்றத்தில். ஞானப்பூ கெட்டவள் என்று சொல்லமுடியாது. புருஷன் போன பிறகு அவளுக்கு என்று இருந்தது அந்தக் கிணறு ஒன்றுதான். வாளி அவளுடையது, கயிறு அவளுடையது, வீட்டுக்கு இரண்டு குடம். மூன்றாவது குடத்தை யாராவது நீட்டினால் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

எதிர்வீடு யோவேலுடையது. அவரிடம் ஒரு பிக்கப் வண்டி உண்டு, முருங்கைக்காய்க் கட்டுகளைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போவார். மனைவி தங்கபுஷ்பம். ஒரே மகள் ஜெமிமாவை ஏழு மைல் தள்ளிப் பூவரசங்குடியிருப்பில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அவள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். முதல் பேற்றுக்கு மகளைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வராவிட்டால் நம் பக்கத்தில் அந்தத் தாய் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கமுடியாது, அது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஜெமிமாவின் மாமியார் குளோரிபாய் கட்டாயமாகச் சொல்லிவிட்டாள்.

"பச்சப்பிள்ளைக்கும் தாய்க்கும் ஒரு நாளைக்குப் பத்துக் குடம் வேணும். உங்க ஊர்ல ரெண்டு குடத்த வச்சுக்கிட்டு எதக் குளிப்பாட்டுவீங்க, தலையவா, காலயா? வீட்டுல தண்ணி இருக்குன்னு காட்டுங்க, ஒன்பதாம் மாசம் அனுப்புறேன். இல்லேன்னா எம் மருமக இங்கேயே பெறட்டும்."

இந்தப் பேச்சு தங்கபுஷ்பத்தின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. அவள் முழங்காலில் நின்று ஜெபித்தாள், பிறகு எழுந்து, வீட்டில் இருந்ததையெல்லாம் திரட்டி, போர் என்கிற ஆழ்குழாய் போடும் வண்டிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வரும்படி புருஷனை டவுனுக்கு அனுப்பினாள்.

யோவேல் நல்ல மனுஷர். ஆனால் சந்தையில் மற்ற டிரைவர்மார் அன்றைக்கும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "யோவேல் அண்ணாச்சி, உம்ம வண்டியில பாடுறது பாட்டா, இல்ல யாருக்கும் பல்வலியா?" அவர் போர்க்காரரைத் தேடிப் போன தெருவில், போர்க்காரரின் கடைக்கு இரண்டு கடை முன்னாலேயே வண்டிக்குப் பாட்டுப் பெட்டி மாட்டுகிற கடை இருந்தது. அங்கே கதவு இரண்டையும் பிரித்து, தகரம் அதிராமல் இருக்கத் தார்ஷீட் ஒட்டி, பழைய ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டுப் புதியதை வைத்து, பேட்டரியிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு வயர் இழுத்து, சீட்டுக்குப் பின்னால் அடிக்குரலுக்கென்றே உள்ள பன்னிரண்டு இஞ்சு ஊஃபர் ஸ்பீக்கர் ஒன்றைப் பலகைப் பெட்டிக்குள் உட்காரவைத்து, நாலு போல்ட் போட்டு முறுக்கி, ஆம்ப்ளிஃபயரில் நீல விளக்கு எரிந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. போர்க்காரர் கடை சாப்பாட்டுக்கு அடைத்திருந்தது. கொடுக்க ஒன்றும் மிச்சமும் இல்லை.

"போர் வண்டி எப்ப வருது?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"புஷ்பம், முதல்ல நீ இதக் கேளு."

கேட்டாள். தெருவே கேட்டது. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசின, கோழிகள் நாளைக்கு இடவேண்டிய முட்டையை இன்றைக்கே இட்டன.

"பேஸக் கேட்டியா? நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டுற மாதிரி இல்ல?"

"தட்டுறது உம்ம சம்பந்திக்காரி. போய்த் தொறயும். தண்ணி வரும்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன், நீரு பாட்டக் கொண்டு வந்திருக்கீரு. எம் மகளப் பாட்டுலயா குளிப்பாட்ட?"

அதற்குள் ஞானப்பூ தெருவுக்கு வந்துவிட்டாள், கையில் புருஷனின் படத்தோடு. சுவரில் தொங்கிக்கொண்டிருந்தவர் அந்த அதிர்வில் சிரித்த முகமாகவே குப்புற விழுந்துவிட்டாராம். "ஏ யோவேலு! செத்தவங்களயும் நிம்மதியா இருக்க விடமாட்டியோ? இனி உன் வீட்டுக்கு ரெண்டு குடமும் கிடையாது!"

இப்படியாக, பத்துக் குடம் தேடிப் போன வீட்டில் இருந்த இரண்டும் போயிற்று. ஜெமிமாவுக்கு அப்போது எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு யோவேல் சந்தையிலிருந்து திரும்பினார். வீட்டில் அவரோடு பேச ஆள் இல்லாததால், தனக்குத் துணையாக ஒரு கீர்த்தனையைப் போட்டுக்கொண்டு, பேஸை மட்டும் கொஞ்சம் கூட்டி, தெருவுக்குள் மெதுவாக வந்தார். ஞானப்பூ அந்நேரம் கிணற்றுக்குள் வாளியை விட்டிருந்தாள். அப்போது கிணறு ஓர் அடி எடுத்து வைத்தது.

ஞானப்பூ முதலில், காலையில் பிரஷர் மாத்திரை போட மறந்தோமோ என்று யோசித்தாள். கிணறு இன்னோர் அடி வைத்தது. பிறகு கைப்பிடிச் சுவரும் கப்பியும் துவைகல்லுமாக, தாய்ப்பசுவுக்குப் பின்னால் கன்று போவதுபோல, முற்றத்தைத் தாண்டி, வேலி முருங்கை ஒன்றை முறித்துப் போட்டு, தெருவைக் குறுக்கே கடந்து, யோவேல் வண்டியை நிறுத்திய இடத்தில் தானும் நின்றது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஞானப்பூவின் முற்றத்தில் அது இருந்த இடம் ஈரமான வட்டமாக இருந்தது, சாயங்காலத்துக்குள் அதுவும் காய்ந்துபோனது.

"எங்கே போற?" என்று ஞானப்பூ கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

உலகத்தில் கிணறு நடக்குமா என்று ஈச்சன்விளையில் ஒருவரும் கேட்கவில்லை என்றாள் ரூத்பாய். கேட்டவர்களெல்லாம், நடக்கிற கிணறு நம் வீட்டுப் பக்கம் எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். யோவேலுக்குத் திடீரென்று ஊரில் மரியாதை கூடிவிட்டது. இரண்டாம் தெருவில் கல்யாண வீடு என்றால் அவர் வண்டியைப் பாட்டோடு அந்தப் பக்கம் ஒரு சுற்றுக் கொண்டுபோவார், கிணறு பின்னாலேயே போய்ப் பந்தல் ஓரமாக நிற்கும், சமையல் முடிந்ததும் திரும்பக் கூட்டிவருவார். கிணறு மிளகாய்ப் பாத்தியை மிதிக்காமல் இருக்கச் சிலர் முள் வைத்தார்கள். வருவது தெரியட்டும் என்று கப்பியில் யாரோ ஒரு வெள்ளாட்டு மணியைக் கட்டிவிட்டார்கள். நில அளவைக்கு வந்த அதிகாரி மூன்று முறை சங்கிலி பிடித்து அளந்து மூன்று முறையும் வேறு வேறு அளவு வந்ததால், "கிணறு வெளியே சென்றுள்ளது" என்று நோட்டில் எழுதிவிட்டுப் பதநீர் குடித்துவிட்டுப் போனார். உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கும் காணிக்கை எடுப்புக்கும் நடுவில், "கிணறு திங்கள், செவ்வாய் கீழத்தெருவிலும், புதன் மேலத்தெருவிலும்" என்று அதே குரலில் வாசித்தார். ஏன் நடக்கிறது என்று கேட்ட ஒரே ஆள் வெளியூரிலிருந்து வந்த ஐஸ்காரர்தான். அவருக்கு ரூத்பாய் சொன்ன பதில்: "இத்தன நாளு எதுக்கு நின்னுச்சுன்னு நீரு கேட்டீரா?"

ஞானப்பூ மட்டும் விடவில்லை. கிணற்றைப் புளிய மரத்தில் வடத்தால் கட்டினாள். மறுநாள் யோவேல் வண்டி தெருமுனையில் திரும்பியபோது மரம் சாய்ந்து கும்பிடுவதுபோல வளைந்தது, அவளே பயந்து அவிழ்த்துவிட்டாள். ஊர்ச் சுற்று முடிந்தால் யோவேல் வண்டி அவர் வீட்டு முன்னால்தான் நிற்கும் என்பதால் கிணறும் பெரும்பாலும் தங்கபுஷ்பத்தின் வாசலிலேயே நின்றது. நாலு நாள் ஞானப்பூ உப்புத் தண்ணீரில் சோறு வடித்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள்.

தங்கபுஷ்பம் இந்த நேரத்துக்காக அந்த நாலு நாளும் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாக்கியத்தைப் பழகி வைத்திருந்தாள். "வாங்க மைனி," என்றாள், "ரெண்டு குடம்தான்."

ஞானப்பூ அவளை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு குடம் இறைத்துக்கொண்டு போனாள். பழகிய வாக்கியத்தைப் பிசகாமல் சொன்ன தங்கபுஷ்பத்துக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாளும் அவள் இரண்டு குடம்தான் கொடுத்தாள், அதையும் நான் மறைக்கக்கூடாது.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் நல்ல உடுப்பு உடுத்து, அதிரசத் தூக்கும் பழத்தாருமாக மகளைக் கூட்டிவரக் கிளம்பினார்கள். வாசலில் கிணறு நிற்கிறது, இனி சம்பந்திக்காரி என்ன சொல்வாள் பார்ப்போம் என்று தங்கபுஷ்பத்துக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அவளேதான் சொன்னாள்: "ஏதாவது ஒரு பாட்டப் போடுங்களேன்."

யோவேல் போட்டார். அவருக்கும் யோசனை ஓடவில்லை. ஊஃபர் அதிர்ந்தால் பக்கக் கண்ணாடியில் எதுவும் நிலையாகத் தெரியாது. பின்னால் ஏதோ உருண்டையாக வருவதைப் பார்த்து மினி பஸ் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார், அது முந்தவில்லை. "நல்ல டிரைவர், பொறுமசாலி," என்று மனைவியிடம் பாராட்டியும் சொன்னார். ஆட்டு மணிச் சத்தத்தைப் பேஸ் முழுங்கிவிட்டது. ஏழு மைலும் சாலையோரத்தில் நின்றவர்களெல்லாம் கைகாட்டினார்கள், இவர்களும் திரும்பக் கைகாட்டிக்கொண்டே போனார்கள்.

பூவரசங்குடியிருப்பில் குளோரிபாயின் வாசலில் இறங்கித் தங்கபுஷ்பம் சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, "தண்ணி இருக்குன்னு காட்டச் சொன்னீங்கள்லா, வந்து பாருங்க, எங்க வாசல்லயே..." என்று தொடங்கியபோதுதான், குளோரிபாயின் கண் தன் முகத்தில் இல்லை, தனக்குப் பின்னால் இருக்கிறது என்று கவனித்தாள்.

"காட்டத்தானே சொன்னேன்," என்றாள் குளோரிபாய். "கொண்டு வரவா சொன்னேன்?"

இங்கே நான் ஒன்று சொல்லவேண்டும். அந்த ஊரில் தண்ணீர் உண்டு, ஆனால் பருப்பு வேகாத தண்ணீர். மூன்று விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே இருக்கும். குளோரிபாய் ஒரு வாளி இறைத்துப் பார்த்தாள், வாயில் விட்டுப் பார்த்தாள், அடுப்பில் உலை வைத்துப் பருப்பைப் போட்டாள். ஒரே கொதியில் பருப்பு மல்லிகைப் பூ மாதிரி விரிந்தது. இருபத்தெட்டு வருஷமாக வேகாத பருப்போடு மல்லுக்கட்டின ஒரு பெண்ணின் மனது அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்து நான் அவளைக் குற்றம் சொல்லமாட்டேன்.

கரண்டியோடு வெளியே வந்தாள். "தேவன் எங்க வாசலுக்கு அனுப்பிவிட்டத நான் எப்படித் திருப்பி அனுப்ப? இப்ப உங்க வீட்டுல தண்ணி இல்ல, எங்க வீட்டுல இருக்கு. மருமக இங்கேயே இருக்கட்டும். இல்ல, பொண்ணுதான் வேணும்னா கூட்டிட்டுப் போங்க, கிணறு நிக்கட்டும். ரெண்டுல ஒண்ணு."

"கிணறு ஊருக்குச் சொந்தம் மைனி," என்றாள் தங்கபுஷ்பம்.

"அப்ப பொண்ணு?"

ஜெமிமா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "யம்மா, கிணத்த யாரும் வச்சுக்கிடுங்க. எனக்கு உன் கையால ஒரு மிளகுத் தண்ணி வேணும். மூணு மாசமா வாய்க்கு ஒண்ணும் வெளங்கல."

யோவேல் மனைவியின் பக்கம் ஒரு கண்ணைச் சிமிட்டினார். "சரி, பொண்ணக் கூட்டிட்டுப் போறோம்," என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அடுத்த வளைவில் பாட்டைப் போட்டால் கிணறு தானாக வராதா என்பது அவர் கணக்கு. குளோரிபாய் ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவள்.

"அந்தப் பெட்டியக் கழத்தி வச்சிட்டுப் போங்க சம்பந்தி," என்றாள்.

யோவேல் மனைவியைப் பார்த்தார். இந்த முறை கண்ணைச் சிமிட்டவில்லை. தங்கபுஷ்பம் கிணற்றைப் பார்த்தாள், மகளின் வீங்கின கால்களைப் பார்த்தாள். ஊரில் எந்த முகத்தோடு இறங்குவோம், எதில் குளிப்பாட்டுவோம் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, "கழத்துங்க," என்றாள். அவர் சீட்டைச் சாய்த்து, தான் பார்த்துப் பார்த்து முறுக்கின நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊஃபர் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிச் சம்பந்தி வீட்டில் இறக்கி வைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் கதவு ஸ்பீக்கர் மட்டும் கீச்சுக் குரலில் பாடிப் பார்த்தது. பின்னால் ஒன்றும் வரவில்லை.

ஈச்சன்விளையில் ஊரே திரண்டு நின்றது. "ஊருக் கிணத்தச் சீதனமாக் கொடுத்திட்டு வந்திருக்கீரே ஓய்! கட்டிலு, பீரோ எல்லாம் குடுத்தது காணாதோ?" என்று கேட்டார்கள். உபதேசியார் வரும் ஞாயிறு அறிவிப்பை மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஞானப்பூ கூட்டத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள், அப்படிச் சிரித்ததில் அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது, அது எந்த நீர் என்று ரூத்பாய்க்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஜெமிமா வாசலில் வெறும் குடங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஞானப்பூ வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், இரண்டும் நிறைந்திருந்தன.

"இது ஏது மைனி?" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஓடுன கழுதய நம்பி இருப்பாங்களா? நீ குடுத்த ரெண்டு குடத்துல ஒண்ணத்தான் புழங்கினேன், மத்தத எல்லாம் தொட்டியில ஊத்தி மூடி வச்சேன். இங்க பாரு, ரெண்டு குடம்தான்." சொல்லிவிட்டு ஜெமிமாவின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "காலையில ரெண்டு. மத்தியானம் ரெண்டு. சாயங்காலம் ரெண்டு."

தங்கபுஷ்பம் அப்போதுதான் அழுதாள்.

ஜெமிமா அந்த வாரமே அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பெற்று ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அழவில்லை, முனகினதோடு சரி. ஞானப்பூவின் தொட்டி அடிமண் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது; கடைசி மூன்று குடத்தை வெந்நீர் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, அவளே முதல்முதலாகக் குளிப்பாட்டினாள். தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை வாயைத் திறந்து அழுதது.

பேஸ் குரலில் அழுதது.

அலமாரியில் தட்டுகள் பேசின. கோழிகள் நாளைய முட்டையை இட்டன. தெருவில் நின்ற பெண்களுக்கு நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. யோவேல் தன் வண்டியை ஓடிப்போய்ப் பார்த்தார், வண்டி அணைந்துதான் கிடந்தது. பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு, தொண்டையின் அடியிலிருந்து, விட்டு விட்டு, தாளம் பிசகாமல் அழுதுகொண்டே இருந்தது, யாருக்கும் அதை அடக்கத் தோன்றவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டு மணி கேட்டது. மேற்கே ரோட்டில் செம்புழுதி எழும்பியது. கிணறு வந்தது, வந்தது என்று சொல்லக்கூடாது, ஓடி வந்தது. அதன் கப்பியிலிருந்து நீண்ட கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஓர் ஆட்டோவுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக, தலைமுடி அவிழ்ந்து, குளோரிபாய் வந்தாள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது கிணறு கிளம்பிவிட்டதாம்; வாளி அவளுடையது, கயிறு அவளுடையது, எப்படி விடுவாள்?

"யாரு போட்ட பாட்டு இது?" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். "பெட்டி எங்க வீட்டுல இருக்கு, நான் அதுமேல தையல் மிசினத் தூக்கி வச்சிருக்கேன்!"

"பாட்டு இல்ல மைனி," என்றாள் தங்கபுஷ்பம். "உங்க பேத்தி."

குளோரிபாய் கயிற்றை விடாமலே எட்டிப் பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்த்து இன்னொரு தரம் அழுதது, ஆட்டோவின் கண்ணாடி அதிர்ந்தது. "எங்க குடும்பத்துல இப்படி ஒரு குரலு கிடையாதே," என்றாள், ஆனால் முகம் அதற்குள் மாறத் தொடங்கிவிட்டது.

"எங்க குடும்பத்துலயும் கிடையாது."

ஞானப்பூ ஈரப் பிள்ளையைத் துவாலையில் சுற்றி நீட்டினாள். "கிடக்கட்டும். முதல்ல அந்தக் கயித்த விடுங்க, பிள்ளயப் பிடிக்க ரெண்டு கை வேணும்."

குளோரிபாய் கயிற்றை விட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கிணறு பிள்ளை இருக்கிற ஊரில் இருக்கிறது. மூன்று மாதம் ஈச்சன்விளை, மூன்று மாதம் பூவரசங்குடியிருப்பு என்று இரண்டு சபைக் கமிட்டியும் கூடிப் பேசி முடித்திருக்கிறார்கள். ஞானப்பூ கிணற்றோடு போகிறாள், கிணற்றோடு வருகிறாள். கேட்டால், பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறேன் என்கிறாள். குடம் எத்தனை என்று இப்போது யாரும் எண்ணுவதில்லையாம்.

எங்கள் ஊர் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்னாலும் ஒரு கிணறு உண்டு. வயதானது, நடக்கிற ஜாதி இல்லை என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் போன வாரம் ரூத்பாய் போனில் பேசும்போது, பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம், எந்நேரமும் அழுகை என்று சொன்னாள், நேற்று விடியற்காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் கிணற்றடித் துவைகல் வாழை மரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிற மாதிரி தெரிந்தது. அதனால் உங்களில் யாராவது அந்தப் பக்கம் போகிறவர்களாக இருந்தால், அந்தப் பிள்ளை கையில் கடிக்கிறதுக்கு ஒரு பனங்கிழங்குத் துண்டு கொடுத்துவிட்டுப் போங்கள்.